நீலம் போட்ட வெள்ளை

பெர்க்மான்ஸ் முக்காலியில் உட்கார்ந்து, வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தலையில் முக்காடாகப் போட்டு, மிச்சத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு, ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி வைத்திருந்தான். விசைப்படகில் வருசக்கணக்காக வலை இழுத்துக் காய்த்துப்போன கை, கூப்பினாலும் விரலும் விரலும் சரியாக ஒட்டாது. ஒரு சின்னப் பெண்பிள்ளை மாதிரி இருங்க என்றால் மனுசன் எவ்வளவுதான் இருப்பான் என்று கேமராவுக்குப் பின்னால் நின்ற அவன் பெண்டாட்டி ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் கேமரா ஆடும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாளைக்குப் பூசை முடிந்ததும் தையல்காரி ஜெனோவா தன் மகள் பெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு இந்த அறைக்குத்தான் வருகிறாள். பெனிட்டாவுக்கு நாளைக்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். வெள்ளைக் கவுன், வெள்ளை முக்காடு, தலையில் பூவளையம், கையில் மெழுகுதிரி, அந்தக் கோலத்தில் பிள்ளையை ஒரு படம் எடுத்துச் சுவரில் மாட்டாத வீடு தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் தேடினாலும் கிடைக்காது. ஜெசிந்தா வீட்டு முன்னறை ஸ்டுடியோவாக மாறிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் உட்காரப்போகிற முதல் முகம் பெனிட்டாவின் முகம். அறையின் மூலையில் ரெண்டு பெட்டி இருந்தது. ஒன்றில் ஃப்ளாஷ், வெட்டி அணைகிற ரகம், குடை மாதிரி ஒரு வெள்ளைத் துணியோடு வந்தது. இன்னொன்றில் எல்இடி விளக்கு, நின்று எரிகிற ரகம், முன்னால் மாட்ட ஒரு துணிக்கூடு. கேமராக் கடை மகாராசன் காலையில் ரெண்டையும் இறக்கிவைத்துவிட்டு, போட்டுப் பார்த்து ஒண்ணை வச்சுக்கிடுங்க, இன்னொண்ணைச் சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன் என்று சொல்லிப் போயிருந்தான். ரெண்டையும் வாங்க வழியில்லை என்பது அவனுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும்.

முதலில் ஃப்ளாஷைத்தான் மாட்டினாள். பளிச்சென்று வெட்டியது, பெர்க்மான்ஸ் தோளைக் குறுக்கிக் கண்ணை இறுக்கிக்கொண்டான். மறுபடியும் வெட்டியது, மறுபடியும் அதே கதை. அடுத்த தடவை முன்கூட்டியே கண்ணை அகலத் திறந்து விறைத்துக்கொண்டு உட்கார்ந்தான், அது போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த படம் மாதிரி வந்தது. நடுக்கடலில் இடியும் மின்னலுமாகக் கிடக்கும்போது படகைத் திருப்பிக்கொண்டு வருகிற ஆள், இந்தக் குடைக்குள்ளிருந்து வருகிற வெளிச்சத்துக்கு இப்படி நடுங்குகிறானே. சரி, கண்ணை விடு, முகம் எங்கே? திரையை உற்றுப் பார்த்தாள். முக்காட்டின் மடிப்பு ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போல வந்திருந்தது, முக்காட்டுக்கு உள்ளே மட்டும் இருட்டு. ஃப்ளாஷைக் கூட்டி எடுத்தாள். முகம் வந்தது, துணி போயிற்று, மடிப்பும் இல்லை மண்ணும் இல்லை, சுண்ணாம்பு அடித்த சுவர். குறைத்தால் துணி, கூட்டினால் முகம், ரெண்டில் ஒன்றைத்தான் தருவேன் என்று அடம்பிடிக்கிறது. இந்தப் பிடிவாதம் அவளுக்குப் புதுசா என்ன? முன்னே வேலை பார்த்த ஸ்டுடியோவில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் அவள் பார்த்தது இதைத்தான். புதுநன்மை சீசன் வந்தால் அங்கே முதலாளி கேமராக்காரனிடம் சொல்வது ஒரே வாசகம், கவுனைப் பார்த்து எடு, முகத்தை ஜெசிந்தா பாத்துக்கிடுவா. அவளும் பார்த்துக்கொண்டாள். இருட்டுக்குள் கிடக்கிற கறுத்த முகத்தை மவுஸால் வளைத்துப் பிடித்து, மேலே மேலே தள்ளி வெளுப்பாக்கினால் பிள்ளை சாம்பல் பூசிக்கொண்டது மாதிரி ஆகும், அதற்கு மேல் கொஞ்சம் ரோஸ் நிறம் தட்டினால் யாரோ ஒரு பிள்ளை ஆகும். பெற்றவர்கள் வாங்கிக்கொண்டு சந்தோசமாகத்தான் போனார்கள். பெரிய படமாகப் போடுங்க என்று சொல்லிவிட்டும் போனார்கள். அவள்தான் ஒவ்வொரு தடவையும் உறைக்குள் போடுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, இது யாரு பெத்த பிள்ளை என்று தனக்குள் கேட்டுக்கொள்வாள்.

அவளுடைய புதுநன்மைப் படத்தில் அந்த வம்பும் கிடையாது, அப்போது கம்ப்யூட்டரே இல்லை. கவுன் வந்திருந்தது, மெழுகுதிரி வந்திருந்தது, ரெண்டு பல் வந்திருந்தது, ஜெசிந்தா வரவில்லை. சித்தி படத்தைக் கையில் வாங்கி, ஏளா, கவுனுக்குள்ள பிள்ள எங்க என்று கேட்டதும் வீடே சிரித்தது, ஜெசிந்தாவும் சேர்ந்து சிரித்தாள், வேறு என்ன செய்வாள். அதனால்தான் இந்த அறைக்கு என்று ஒரே ஒரு வைராக்கியம் வைத்திருக்கிறாள், இங்கே முகம் முகமாகவே வரவேண்டும், வெளிச்சத்தாலேயே வரவேண்டும், மவுஸைத் தொடக்கூடாது. சொல்ல நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு வரப்போகிறது யாரு, ஜெனோவா. தெருவில் முக்கால்வாசிப் புதுநன்மைக் கவுன் அவள் தையல் மிஷினில்தான் பிறக்கிறது, அளவெடுக்க வருகிற தாய்மாரிடம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே அவள் சொல்வதுதான் செய்தி. அவள் நல்லாயிருக்கு என்றால் இந்தச் சீசன் பூரா இந்த வாசலில் செருப்புக் கிடக்கும், உதட்டைப் பிதுக்கினால் பெர்க்மான்ஸும் மூலைப் பெட்டியும்தான் மிச்சம். அந்த ஜெனோவா முந்தாநாள் படிக்கட்டில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "மதினி, பிள்ளைய மட்டும் கொஞ்சம் கலராக் காட்டிருங்க." ஜெசிந்தா தலையை ஆட்டிவைத்தாள். சரி என்கிற ஆட்டா, பார்க்கலாம் என்கிற ஆட்டா, அவளுக்கே பிடிபடவில்லை. ஜெனோவாவைக் குத்தம் சொல்லவும் மனசு வரவில்லை, பெனிட்டாவைப் பள்ளிக்கூடத்தில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா, சுவரில் மாட்டுகிற படத்திலாவது அந்தப் பேர் ஒட்டாமல் இருக்கட்டும் என்றுதானே கேட்கிறாள். கேட்கிறது நியாயம், கொடுக்க மனசில்லை, இதை எங்கே கொண்டுபோய் வைப்பது.

ஃப்ளாஷைக் கழற்றிவிட்டு எல்இடியை மாட்டி எரியவிட்டாள். சத்தமில்லாமல் வெளிச்சம் வந்து அவன் கன்னத்தில் உட்கார்ந்தது. பெர்க்மான்ஸ் வெட்டும் வெட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான், வெட்டவில்லை என்றதும் தோள் தானாக இறங்கியது. ஏளா, இது பொம்பளப்பிள்ள மாதிரி அமைதியா இருக்கு என்றான், இதுவரைக்கும் அவன் பார்த்த எந்தப் பொம்பளப்பிள்ளை அமைதியாக இருந்தது என்று கேட்க நினைத்து விட்டுவிட்டாள். இந்த விளக்கில் ஒரு சௌகரியம், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று எடுப்பதற்கு முன்னாலேயே கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு எட்டு இந்தப் பக்கம் தள்ளினால் மூக்கின் நிழல் கன்னத்துக்குப் போகிறது, கொஞ்சம் உயர்த்தினால் கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் வருகிறது, குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரிப் பார்த்துப் பார்த்துச் செய்யலாம். ஒரு கஷ்டமும் உண்டு, ஃப்ளாஷ் மாதிரி வலு கிடையாது, பிள்ளை ஆடாமல் இருக்கவேண்டும், ஆடினால் படம் கலங்கும். மகாராசன் காலையில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான், பிள்ளைகளை எடுக்க இது ஆகாதுக்கா, இது யூட்யூப் காரங்களுக்கு, போட்டோவுக்கு ஃப்ளாஷ்தான், பளிச்சுன்னு இருந்தாத்தான் நம்ம ஆளுக காசு தருவாங்க. அவன் சொல்கிறதும் பொய்யில்லை. ஆனால் புதுநன்மைப் பிள்ளை ஆடுமா? தவக்காலம் முழுக்க மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் அதைத்தானே பழக்குகிறார், கையைக் கூப்பு, முதுகை நிமிர்த்து, அசையாதே, இயேசு வருகிறார். கோயிலில் வரிசையாக முழங்காலில் நிற்கும்போது மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஒரு பிள்ளை தட்டாது. வருசத்தில் ஒரே ஒரு நாள் அவ்வளவு பிள்ளைகளும் சிலை மாதிரி நிற்கும், அந்த நாள்தான் நாளைக்கு. மகாராசனுக்கு அது தெரிய நியாயமில்லை, அவன் கோயில் வேறு.

முக்காடு பறக்கிறது என்று காற்றாடியை நிறுத்தியிருந்தாள், அறை புழுங்கியது, மத்தியானம் வைத்த சாளைக் குழம்பின் வாசனை அடுப்படியிலிருந்து இன்னும் போகவில்லை. தடைக்காலம், படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது, மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் கடலைப் பூட்டிவைக்கிற மாசங்கள். இந்த மாசங்களில்தான் அவளுக்குப் புருசன் என்று ஒருத்தன் வீட்டில் இருக்கிறான். மற்ற நாளெல்லாம் அவள் எழுந்திருக்கும்போது அவன் போயிருப்பான், அவன் வரும்போது மீன் விலையும் டீசல் விலையும் சேர்ந்து வரும், சாப்பிட்டுப் படுத்தால் பேச்சு முடிந்தது. இப்போது பார், பகல் வெயில் சாய்கிற நேரத்தில் தன் முன்னால் பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அதுவும் கேட்டதும் உட்கார்ந்தான், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. சுவருக்கு வெள்ளை அடித்ததும் அவன்தான், ஜன்னலுக்கு அட்டை வெட்டியதும் அவன்தான், ஸ்டுடியோன்னு வாசல்ல போர்டு வேண்டாமா என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் பழைய படகுப் பலகையில் தானே எழுதினான், எழுத்து கொஞ்சம் மேலேறி இறங்கும், பரவாயில்லை. சந்தோசமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனால் சந்தோசமாகத்தான் இருந்தது. விளக்கைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினால் மனுசன் தூங்கிவிட்டான். கூப்பின கை மடியில் விழுந்து கிடக்க, தலை ஒரு பக்கமாகச் சாய, வாய் லேசாகத் திறக்க, நல்ல தூக்கம். தூங்கினாலும் முகம் முகம்தானே என்று, கேமராவை எடுத்து, நிறம் பிசகாமல் இருக்க முக்காட்டின் வெள்ளையை இதுதான் வெள்ளை என்று அதற்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு படம் எடுத்தாள்.

மஞ்சள். முகம் முழுக்க மஞ்சள், கழுத்து மஞ்சள், தளர்ந்து கிடந்த கை மஞ்சள். விளக்கில் கோளாறு, வேறென்ன, விலை குறைச்சல் என்றால் அந்தக் குறைச்சல் எங்காவது தெரியத்தானே வேண்டும், மகாராசன் ஒழுங்காகத்தான் சொன்னான், இது ஆகாதென்று. இன்னொரு படம் எடுத்தாள், அதுவும் மஞ்சள். சுவரா? சுவர் வெள்ளை. ஜன்னல் வழியாக எதுவும் வருகிறதா? அட்டை வைத்து அடைத்திருக்கிறது. கேமராவா? அதற்குத்தான் இதோ வெள்ளை என்று கையைப் பிடித்துக் காட்டியாயிற்று, அதுவும் துணியை வெள்ளையாகத்தான் காட்டுகிறது, பார், முக்காடு பால் மாதிரி இருக்கிறது. துணி சரி என்றால் விளக்கு சரி. விளக்கு சரி, கேமரா சரி என்றால் மஞ்சள் எங்கேயிருந்து வருகிறது? அந்தக் கேள்வி வந்து நின்றதும் கேமராவைக் கீழே வைத்தாள். மச்சான் சேவியருக்கும் இப்படித்தான். பெர்க்மான்ஸுக்கு அண்ணன், கல்லு மாதிரி ஆள், பித்தம் பித்தம் என்று சொல்லிக்கொண்டே கடலுக்குப் போனான், கண்ணு மஞ்சளா இருக்கே என்று முதலில் கேட்டது படகில் வந்த யாரோ, வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியவில்லை, தினம் பார்க்கிற முகத்தில் எது தெரியும். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது டாக்டர் இவ்வளவு நாள் என்ன செய்தீங்க என்று கேட்டார். இவனும் இன்றைக்குச் சோற்றில் பாதியை வைத்துவிட்டானே. சாளைக் குழம்பை எந்தக் காலத்தில் இவன் மிச்சம் வைத்தான்? உட்கார்ந்த உடனே தூங்குகிறானே, பகலில் தூங்குகிற ஆளா இவன்? தடைக்காலம், வேலையில்லை, புழுக்கம், யாருக்கும் கண் சொக்கும். ஃப்ளாஷில் மஞ்சள் தெரியவில்லையே என்று ஒரு நல்ல வார்த்தை மனசுக்குள் வந்தது, வந்த வேகத்தில் போயிற்று, ஃப்ளாஷில்தான் முகமே தெரியவில்லையே, மஞ்சள் எங்கே தெரியும். கேமரா மனுசக் கண்ணுக்கு முந்தி பார்த்துவிட்டதோ. மாதாவே, விளக்குதான் கெட்டதாக இருக்கட்டும், ரெண்டு விளக்கும் கெட்டதாக இருக்கட்டும், ஸ்டுடியோவே வேண்டாம், ஜெனோவா எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

ஜன்னல் அட்டையை உருவிப் போட்டாள். சாயங்கால வெளிச்சம் உள்ளே வந்தது. அவன் பக்கத்தில் போய்க் குனிந்து, கட்டைவிரலால் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். பெர்க்மான்ஸ் அலறிக்கொண்டு எழுந்தான், முக்காலி சாய்ந்தது, பெட்ஷீட்டில் கால் சிக்கியது, படகு ஏதோ பாறையில் தட்டிவிட்டது என்றே நினைத்திருப்பான். ஆடாதீங்க, கண்ணைக் காட்டுங்க என்று அதட்டி, அவன் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். வெள்ளைமுழி வெள்ளையாக இருந்தது. உப்புக் காற்றில் சிவந்த நரம்பு ரெண்டு மூன்று ஓடியது, அது எப்போதும் உள்ளதுதான், மற்றபடி நல்ல வெள்ளை, ஆரோக்கியமான வெள்ளை, அதை அவள் தேவைக்கு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படிப் பார்க்கும்போதுதான் அந்தக் கண்ணுக்குப் பக்கத்திலேயே, அவன் கன்னத்தை உரசிக்கொண்டு தொங்கிய முக்காட்டுத் துணி கண்ணில் பட்டது. அது வெள்ளையே இல்லை. நீலம். வானத்தில் தண்ணீரைக் கலந்து விட்ட மாதிரி ஒரு நீலம்.

ஜெசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈஸ்டருக்கு முந்தின நாள் அவளே துவைத்த விரிப்பு. கடைசி அலசலில் வாளியில் நீலத்தைச் சொட்டி, முக்கிப் பிழிந்து, வெயிலில் விரித்து, பக்கத்து வீட்டுக்காரி பார்க்கட்டும் என்று ரெண்டு நாள் கொடியிலேயே கிடக்கவிட்ட விரிப்பு. அன்றைக்குக் கை கொஞ்சம் தாராளம், நீலம் போடாத வெள்ளையை அவள் அம்மா வெள்ளை என்றே ஒத்துக்கொள்ள மாட்டாள், பழுப்பு என்பாள், மகளுக்கு அந்தக் கண்தான் வந்திருக்கிறது. அந்த நீலத்தைக் கொண்டுபோய்க் கேமராவிடம் இதுதான் வெள்ளை என்று காட்டினால் அது என்ன செய்யும் பாவம், சொன்னதை நம்பி, நீலத்தை அடக்க மஞ்சளை அள்ளிக் கொட்டியிருக்கிறது, துணி வெள்ளையாயிற்று, புருசன் மஞ்சளானான். வருசக்கணக்கில் கம்ப்யூட்டரில் நிறம் பார்த்தவள், ஒரு சொட்டு நீலத்தில் புருசனுக்குச் சீக்கு வரவழைத்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது, ரெண்டையும் முந்தானையில் துடைத்தாள். பெர்க்மான்ஸ் இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டு நின்றான். சாப்பாட்டை ஏன் மிச்சம் வச்சீங்க என்று கேட்டாள். காலையில் கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது யாரோ வாங்கிக்கொடுத்த வடையைத் தின்றுவிட்டேன், சொன்னால் நீ சண்டை போடுவாய் என்று தலையைச் சொறிந்தான். இன்றைக்குச் சண்டை போடுவதாக இல்லை. அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெள்ளைக்கு என்று தூத்துக்குடிக்காரி வேறெங்கே போவாள், ஜாடியிலிருந்து கல்லுப்பை அள்ளித் தட்டில் கொட்டிப் பரப்பிக்கொண்டு வந்தாள்.

ஜன்னலை மறுபடி அடைத்து, விளக்குக்கு நேரே உப்புத் தட்டை அவன் நெஞ்சுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, அந்த வெள்ளையைக் கேமராவுக்குக் காட்டினாள். பூசையில் காணிக்கைத் தட்டைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான். விரிப்பு இப்போது திரையிலும் நீலமாகவே தெரிந்தது, பொய் சொல்லவில்லை. மஞ்சள் போயிற்று. இனி முகமும் துணியும் சண்டை போடுவதைத்தான் தீர்க்கவேண்டும். விளக்கை முகத்துக்கு நேரே உயர்த்தினாள், வெளிச்சம் துணியிலும் வழிந்தது. நெஞ்சுக்குக் கீழே கொஞ்சம் மறைத்தால்? துணி காயப்போடுகிற ஸ்டாண்டைப் பின்கட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, பெரிய வெள்ளிக்கிழமைக்கு உடுத்துகிற கறுப்புச் சேலையை மடித்து அதில் போட்டு, விளக்குக்கும் அவன் மடிக்கும் நடுவில் நிறுத்தினாள். கண்ணெதிரே துணியின் பளபளப்பு அடங்கியது, முகத்தில் வெளிச்சம் அப்படியே நின்றது. ஃப்ளாஷில் இதை எத்தனை தடவை வெட்டி வெட்டிப் பார்க்கவேண்டும், இங்கே ஸ்டாண்டை ஒரு முழம் நகர்த்தினால் கையோடு தெரிகிறது. கையைக் கூப்புங்க என்றாள். கூப்பினான். என்னைப் பாருங்க என்றாள். பார்த்தான், சற்று முன்னால் கண்ணிமையைப் பிடித்து இழுத்தவளை இன்னும் முழுசாக நம்பாமல், ஆனால் சிரிப்போடு. எடுத்தாள்.

திரையில் பெர்க்மான்ஸ் இருந்தான். கறுப்பாக இருந்தான், எப்போதும் இருக்கிற அதே கறுப்பு, அதில் ஒரு இழை கூடவுமில்லை குறையவுமில்லை. நெற்றியில் வேர்வை மினுங்கியது, கன்ன எலும்பின் மேல் வெளிச்சம் விழுந்து கீழே இறங்கும்போது காப்பி நிறமாகி, தாடைக்குக் கீழே கருநிறமாகிற வரைக்கும் ஒவ்வொரு இடமும் தனித்தனியாகத் தெரிந்தது. கறுப்புக்குள் இத்தனை கறுப்பு இருக்கிறதா? கண்ணுக்குப் பக்கத்தில் வெயிலுக்குச் சுருக்கிச் சுருக்கி விழுந்த கோடுகள், கண்ணுக்குள் விளக்கின் பொட்டு. முக்காட்டின் மடிப்பும் ஒன்று விடாமல் இருந்தது. கல்யாண ஆல்பத்தில் இந்த மனுசன் வெறும் வெள்ளைச் சட்டையாக இருந்தான், அடையாள அட்டையில் கறுப்புப் புள்ளியாக இருந்தான், தினம் தன் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறவனை இன்றைக்குத்தான் ஒரு படத்தில் பார்க்கிறாள். அழகாகத்தான் இருக்கிறான், சொன்னால் தலைக்கனம் வந்துவிடும். கேமராத் திரையைத் தன் போனால் ஒரு படம் பிடித்து ஜெனோவாவுக்கு அனுப்பினாள், பெனிட்டாவை இப்படித்தான் எடுப்பேன், வெளுக்க மாட்டேன், சரியான்னு பாத்துச் சொல்லு என்று கீழே எழுதினாள். அனுப்பின பிறகுதான் உறைத்தது. முக்காடு போட்ட மீசைக்காரனை அனுப்பியிருக்கிறோமே, ஊரே சிரிக்கப்போகிறது. சிரித்தால் பரவாயில்லை. வேண்டாம் மதினி, நாங்க மெயின் ரோட்டு ஸ்டுடியோவுலயே எடுத்துக்கிடுதோம் என்று வந்துவிட்டால்? அனுப்பினதை அழித்துவிடலாமா? விரல் அங்கே போனது, அதற்குள் படத்துக்குக் கீழே ரெண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். ஜெனோவா பேசாமல் இருந்தால் அது நல்ல சகுனம் இல்லை.

வாசலில் மகாராசனின் வண்டி வந்து நின்றது. உள்ளே வந்தவன் பெட்ஷீட்டோடு உட்கார்ந்திருந்த பெர்க்மான்ஸைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்து, பிறகு உப்புத் தட்டையும் கறுப்புச் சேலையையும் பார்த்து, எதையும் கேட்காமல் விஷயத்துக்கு வந்தான். எல்இடியை எடுத்துக்கிடட்டுமாக்கா, ஃப்ளாஷை வச்சுக்கிடுங்க, பின்னால வருத்தப்படக்கூடாது, நம்ம ஆளுகளுக்குப் பளிச்சுன்னு இருக்கணும் என்று மறுபடியும் அதே பாட்டு. ஜெசிந்தா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்கிறதில் பாதி நியாயம் இருக்கிறது, அதுதான் தொந்தரவு. பளிச்சென்று எடுத்து, மவுஸால் தள்ளி, ஜெனோவா கேட்ட கலரில் கொடுத்துவிட்டால் சீசன் ஓடிவிடும், யாரும் குறை சொல்லப்போவதில்லை. இன்றைக்கு ஃப்ளாஷை வைத்துக்கொண்டு நாலு காசு பார்த்த பிறகு விளக்கை வாங்கலாம் என்றும் ஒரு வழி இருக்கிறது, அந்த வழியில் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. அக்கா, எதை எடுத்துக்கிட என்று மகாராசன் கேட்டான். நேரமாகிறது, கடையில் ஆளில்லை என்றான். அவன் குனிந்து எல்இடி பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டான். அப்போது போன் கிணுகிணுத்தது, ஜெனோவாவின் நம்பர், எழுத்தில்லை, குரல்செய்தி. அமுக்கினாள். தையல் மிஷின் சத்தம் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, பேசினது ஜெனோவா இல்லை.

"அத்தை, நான் பெனிட்டா. அம்மா தைக்கிறாவ, போன் என்ட்ட இருக்கு. மாமா படம் பாத்தேன். மாமாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. எனக்கும் கண்ணு தெரியுமா அத்தை?"

பெர்க்மான்ஸ் முக்காட்டைத் தலையிலிருந்து இறக்கினான். மகாராசன் பெட்டி மூடியைப் பிடித்தபடி நின்றான். ஜெனோவா நாளைக்கு என்ன சொல்வாளோ, அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஜெசிந்தா மூலையிலிருந்த ஃப்ளாஷ் பெட்டியைத் தூக்கி மகாராசன் கையில் கொடுத்தாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "தெரியும் மக்கா," என்றாள்.